பேர் வெட்டிய கேசட்

உட்கார்ந்தால் எனக்குக் கால் ஆடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். உட்கார்ந்து காலாட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அம்மா தொடையில் நறுக்கென்று கிள்ளுவாள். கிள்ளின இடம் சிவக்குமே தவிர, கால் நிற்காது. இப்போது அரியலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. கால் வலிக்கவில்லையா என்று வருகிறவர்கள் கேட்பார்கள். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொல்லுங்கள், அப்போதுதான் எனக்கு வலிக்கும்.

இப்படிப்பட்டவள் சேர்த்து வைத்திருப்பது பழைய டிவி கேம் கேசட்டுகளை. அதிலும் விளையாட்டுப் போட்டிகள் மட்டும். கால்பந்து, டென்னிஸ், குத்துச்சண்டை, பேஸ்பால், பனிச்சறுக்கு. கேசட் என்றால் உள்ளே நாடா இருக்காது. கையகலப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு சின்ன சர்க்யூட் போர்டு, அவ்வளவுதான். மிஷின் மேல் சொருகினால் டிவியில் ஆட்டம் வரும். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அதைக் கேசட் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மாடியறை அலமாரி முழுக்க அவைதான். ஐஸ்கட்டியைத் தவிர வேறு பனியைப் பார்க்காதவளுக்குப் பனிச்சறுக்கு எதுக்கு என்று வீட்டுக்காரர் கேட்பார். அவர் சிமென்ட் ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். வீட்டுக்கு வந்தால் அசையாமல் படுத்திருக்கத்தான் ஆசைப்படுவார். நாங்கள் இரண்டு பேரும் எப்படி ஒரே வீட்டில் இத்தனை வருஷம் ஓட்டினோம் என்பதே ஆச்சரியம்தான்.

கேசட் சேர்ப்பவர்கள் நடுவே விளையாட்டுக் கேசட் என்றாலே இளக்காரம். ராஜகுமாரியைக் காப்பாற்றுகிற கதைக்கும், அரக்கனைக் கொல்லுகிற கதைக்கும் அடித்துக்கொள்வார்கள். கால்பந்துக் கேசட்டை எடை போட்டு வாங்கலாம். அந்தக் காலத்திலேயே வருஷத்துக்கு ஒன்று புதிதாக வந்துகொண்டிருந்தது. புதுசு வந்ததும் பழசைக் கழித்துக் கட்டினார்கள். உலகம் முழுக்கக் குவிந்து கிடக்கிறது. ஆனால் அந்தக் குவியலுக்குள்ளும் சில அபூர்வங்கள் உண்டு. ஒரு மிஷினின் கடைசிக் காலத்தில், இனி யார் வாங்கப்போகிறார்கள் என்று கம்பெனிக்காரர்களே நம்பிக்கை இழந்து கொஞ்சமாகப் போட்டு விட்டவை. அவற்றைக் கண்டுபிடிக்கிற கண் எனக்கு வந்துவிட்டது.

விலை போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் லேபிள். முன்பக்கத்துப் படத்தாள் கிழியாமல், நிறம் போகாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அட்டைப்பெட்டி, உள்ளே வந்த குட்டிப் புத்தகம். பிறகு பின்பக்கத்துத் திருகாணியைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். போர்டின் நடுவில் தார் சொட்டின மாதிரி கறுப்பாக ஒரு உருண்டை இருந்தால் அது டூப்ளிகேட். கால் முளைத்த சிப்புகள் வரிசையாக உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் அசல். எங்கள் ஜில்லாவில் கிடைப்பது முக்கால்வாசி உருண்டைதான். அசல் என்று ஏதாவது இருந்தால் அது மலேசியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாருடைய பெட்டியிலாவது, சோப்புக்கும் தைலத்துக்கும் நடுவில் படுத்து வந்ததாக இருக்கும்.

விலையை அடியோடு கெடுக்கிற ஒன்று உண்டு. அது பேர். வெளிநாட்டுப் பிள்ளைகள் கேசட்டின் பின்னால் பேனாவால் பேர் எழுதுவார்களாம். அதை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடலாம். நம் ஆட்கள் பேனாவோடு நிறுத்துவார்களா? குடத்துக்கும் தூக்குவாளிக்கும் பேர் வெட்டுகிற மிஷினைக் கொண்டு கேசட்டிலும் வெட்டி வைத்திருப்பார்கள். இனிஷியலோடு, ஊரோடு, சில சமயம் 'அன்பளிப்பு' என்று மாமன் பேரோடு. பெங்களூரில் ஒரு சேகரிப்பாளர் இருக்கிறார். நேரில் பார்த்ததில்லை, போனில்தான் பழக்கம். ஒருமுறை நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, இது கேசட்டா சொம்பா என்று கேட்டார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அதற்குப் பிறகு யார் கேசட் கொண்டு வந்து காட்டினாலும் நானும் முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்புவேன். பேர் இருந்தால் உதட்டைப் பிதுக்குவேன்.

ஆனால் அப்படிப் பேர் வெட்டிய ஒரே ஒரு கேசட்டை மட்டும் நான் பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அது என் கேசட். அதில் வெட்டியிருந்தது என் தம்பியின் பேர்.

பள்ளிக்கூடத்தில் நான் நன்றாக ஓடுவேன். நன்றாக என்றால், வட்டார அளவில் முதலாவதாக வந்தேன். அடுத்தது மாவட்டப் போட்டி. மலேசியாவில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, ஊருக்கு வரும்போது என்ன வேண்டும் என்று போனில் கேட்டார். ஓடுகிற ஷூ என்று சொன்னேன். ஒரு தாளில் பாதத்தை வைத்து அளவு வரைந்து அனுப்பினேன். மாமா வருவதற்குள் நான் பெரியவளாகிவிட்டேன். பி.டி. டீச்சர் வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் பேசிப் பார்த்தார். வயசுப் பெண்ணை மைதானத்தில் ஓடவிட்டு வேடிக்கை காட்டுவதா என்று அம்மா கேட்டாள். அதோடு முடிந்தது. மாவட்டப் போட்டிக்கு யார் போனார்கள் என்றுகூட நான் விசாரிக்கவில்லை.

இனிமேல் ஷூ எதற்கு என்று மாமாவுக்குச் சொல்லியிருப்பார்கள் போல. அவர் டிவி கேம் வாங்கி வந்தார். என் சடங்குக்குத் தாய்மாமன் சீரோடு சீராக அதுவும் வந்தது. ஓடத்தானே கேட்டாய், இதிலும் ஓடலாம் என்று அவர் தனியாக எடுத்துக் கொடுத்தது ஒரு தடகளப் போட்டிக் கேசட். நூறு மீட்டர், நீளம் தாண்டுதல், தடை ஓட்டம். இரண்டு பட்டனையும் மாற்றி மாற்றி எவ்வளவு வேகமாக அடிக்கிறோமோ, திரையில் அந்த மனிதன் அவ்வளவு வேகமாக ஓடுவான். மாமா நல்ல மனுஷன்தான். அவருக்குத் தெரிந்த வழியில் எனக்கு ஒரு மைதானம் வாங்கி வந்திருந்தார்.

சீர்ப் பாத்திரங்களைப் பெரம்பலூரில் ஒரு பாத்திரக்கடையில் எடுத்தார்கள். எடுத்த சாமானுக்கு அங்கேயே பேர் வெட்டித் தருவார்கள். குடத்தில், அண்டாவில், தாம்பாளத்தில் எல்லாம் என் பேர். அப்பா சும்மா இருக்காமல் பையிலிருந்து கேசட்டையும் எடுத்து நீட்டியிருக்கிறார். நாலு வீட்டுக்குப் போய் வருகிற சாமான், தொலைந்துவிடக் கூடாதே என்று. கடைக்காரர் கேட்டது ஒன்றே ஒன்று: பையன் பேர் என்ன? அப்பாவும் பையன் பேரைச் சொல்லிவிட்டார். மாமாதான் பிறகு இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். யாருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. குடம் என்றால் பெண் பேர், கேம் என்றால் பையன் பேர். தம்பி அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தான். மூக்கு ஒழுகுவதைத் துடைக்கவே இன்னொருத்தர் வேண்டும்.

எனக்கு வந்த கோபத்தை நான் பட்டன்களில் காட்டினேன். விரல் வலித்தபோது சீப்பின் முதுகை வைத்துப் பட்டன்களைத் தேய்த்தேன். அந்த மிஷினில் என்னை ஜெயித்தவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. அதை விளையாடும்போது மட்டும் என் கால் ஆடாது.

கல்யாணமாகி அரியலூருக்கு வந்தபோது என் பேர் வெட்டின குடம், அண்டா எல்லாம் லாரியில் ஏறி என்னோடு வந்தன. கேசட் வரவில்லை. வீட்டை ஒழித்தபோது அம்மா அந்த மிஷினையும் கேசட்டுகளையும் பூலாம்பாடியில் இருக்கும் அத்தை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். அத்தை என்றால் அப்பாவின் பெரியப்பா மகள். கொடுத்த விஷயமே எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. கல்யாணம், காதுகுத்து என்று எங்கே அத்தையைப் பார்த்தாலும் அந்தக் கேசட் இருக்கிறதா என்று கேட்பேன். பரண் மேல் கிடக்கும், பார்க்கிறேன் என்பார். பார்க்க மாட்டார்.

சென்ற சித்திரையில் வீட்டுக்கு மேல்தளம் போடுவதற்காக அத்தை பரணை ஒழித்தார். போன் வந்தது. கேசட் கிடைத்துவிட்டது என்றார். என் கால் அந்த நிமிஷமே ஆட ஆரம்பித்தது, நின்றுகொண்டிருந்தும்.

படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அத்தையின் மருமகள் முன்பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்பினாள். தூசி அப்பியிருந்தது. ஆனால் அடியில் லேபிள் முழுசாக இருந்தது. நீல வானம், சிவப்பு ஓடுபாதை, நெஞ்சை முன்னால் தள்ளிக்கொண்டு ஓடுகிற மூன்று பேர். எழுத்தின் ஓரம்கூட உரியவில்லை. அந்தப் படத்தைப் பெங்களூர்க்காரருக்கு அனுப்பினேன். விற்பதற்கு இல்லை. அவர் வாயால் ஒரு விலை கேட்பதற்கு. அதைப் பொதுவாக யாரும் கண்ணால் பார்த்ததில்லை, அந்தப் பதிப்பு மலேசியப் பக்கம் மட்டும்தான் கொஞ்சம் வந்தது என்று பதில் வந்தது. பின்பக்கப் படம் எங்கே என்று கேட்டார். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். பேர் வெட்டியிருக்கிற கதையை இவரிடம் எப்படிச் சொல்வது என்பதிலேயே இரண்டு நாள் போயிற்று. கடையில் ஆதார் நகலுக்கு ரேஷன் கார்டை எடுத்துக் கொடுத்தேன். ஒருவர் தன்னுடைய பட்டா நகலுக்குப் பதில் யாருடைய ஜாதகத்தையோ வாங்கிக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்து சத்தம் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமையே கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் மாட்டிக்கொண்டு ஊர்ந்தது. முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். அவள் சீட்டுக்கு அடியில் என் முழங்கால் தந்தியடித்துக்கொண்டிருந்தது. பெரம்பலூரில் பூலாம்பாடி பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் பஸ் ஸ்டாண்டை எத்தனை சுற்று சுற்றினேனோ தெரியாது. ஒரு பூக்காரம்மா, பிள்ளையைத் தொலைத்துவிட்டாயா தாயி என்று கேட்டார்.

அத்தை வீட்டு வாசலில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு கயிற்றுக் கட்டிலில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் கேசட்டுகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார். விளக்கி வைத்த டம்ளர்களைக் கவிழ்த்து வைப்பது போலவே. கிட்டே போனேன். புளி வாசம் வந்தது.

ஒரு வீட்டுப் பொருளைத் திருப்பித் தரும்போது விளக்காமல் தரக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கடன் வாங்கின கிண்ணத்தைக்கூடச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெறுமையாகத் தராமல் நாலு கத்தரிக்காயாவது போட்டுத் தருவார்கள். அத்தை அந்த வழக்கத்தில் இம்மி குறைக்காதவர். காலையிலிருந்து உட்கார்ந்து ஒவ்வொரு கேசட்டையும் ஊறவைத்து, புளி போட்டு, கம்பி நாரால் தேய்த்திருக்கிறார். என் தடகளக் கேசட்டைக் கையில் எடுத்துத் திருப்பினேன். வானம் இல்லை, ஓடுபாதை இல்லை, ஆள் ஒருவரும் இல்லை. லேபிள் இருந்த இடம் வழவழவென்று வெறும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக். ஒட்டியிருந்த காகிதம் லேசில் போகவில்லை, கை வலி எடுத்துவிட்டது என்று அத்தை பெருமையாகச் சொன்னார்.

 கத்த வேண்டும் போலிருந்தது, அழவும் வேண்டும் போலிருந்தது. இரண்டுமே முடியாது. அத்தையின் விரல்கள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. அவரைப் பார்த்து என்ன சொல்வது? உலகத்தில் கொஞ்சம் பேரிடமே இருக்கிற காகிதத்தை நீங்கள் சுரண்டிச் சாக்கடையில் விட்டுவிட்டீர்கள் என்றா? காபி கொடுத்தார், குடித்தேன். உட்காரச் சொன்னார், நின்றேன்.

பிறகு ஒரு சமாதானம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விலை போனால் போகட்டும், விற்கவா வந்தேன்? சாமான் என்னுடையது, அது வேண்டும், அவ்வளவுதானே. கேசட்டைக் கைப்பையில் வைக்கப் போனேன். அத்தை என் கையைப் பிடித்தார்.

"மத்தது எல்லாத்தையும் எடுத்துக்க பாப்பா. இது மட்டும் இருக்கட்டும். தம்பி பேருல்ல இருக்கு."

திருப்பிக் காட்டினார். கம்பி நாருக்கு லேபிள் போனது, பேர் போகவில்லை. தேய்த்த தேய்ப்பில் அழுக்கெல்லாம் விலகி, இத்தனை வருஷத்தில் இல்லாத அளவுக்குப் பளிச்சென்று தெரிந்தது. அப்பாவின் இனிஷியல், தம்பியின் பேர்.

அத்தை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பேர் வெட்டின சாமான் பேர் உள்ளவர் கைக்குத்தான் போக வேண்டும் என்பது அவருக்குச் சாமி சமாச்சாரம். ஒரு கல்யாண வீட்டில் மாறி வந்துவிட்ட தூக்குவாளி மூடியைக் கொடுப்பதற்காக, அதிலிருந்த பேரை விசாரித்து விசாரித்து, செந்துறை வரைக்கும் பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தவர். அது என் சடங்குக்கு மாமா கொடுத்தது, நான் ஓடி ஜெயித்ததற்குக் கொடுத்தது என்று சொன்னேன். இருக்கும், இல்லை என்று நான் சொல்லவில்லையே என்றார். அப்பா அன்றைக்குத் தப்பாகச் சொல்லிவிட்டார் என்றேன். செத்துப்போன மனுஷனைத் தப்பு சொல்லாதே என்றார். ஒரு நேர்மையான ஆளிடம் வாதாடி ஜெயிக்கவே முடியாது. திருடியாக இருந்தால் மிரட்டியாவது வாங்கிவிடலாம்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம், அவன் சரி என்றால் அவருக்கு ஆட்சேபம் இல்லை. என் போனிலிருந்தே கூப்பிடச் சொன்னார். தம்பி கோயம்புத்தூரில் இருக்கிறான். ஆபீஸில் இருந்தான் போல, பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டேன். அத்தை விஷயத்தைச் சொன்னார். எந்தக் கேசட் என்று அவனுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் சிரித்தான்.

"அதுவா? எடுத்துக்கக்கா. நானே உனக்குக் குடுத்ததா இருக்கட்டும்."

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அதுதான். அவனிடம் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. தாராள மனசோடு சொன்னான். அந்தத் தாராளம்தான் எனக்குத் தாங்கவில்லை. என் சாமானை எனக்கே தானம் செய்துவிட்டு, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டான். சௌக்கியம் என்றேன். அத்தை முகத்தில் நிம்மதி வந்தது. கேசட்டை முந்தானையால் இன்னொரு முறை துடைத்து, வெறும் பையாகத் தரக் கூடாது என்று மேலே சின்ன வெங்காயத்தைக் கொட்டிக் கொடுத்தார். தம்பிக்குப் போன் பண்ணும்போது நான் கேட்டதாகச் சொல்லு என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாடியறைக்குப் போய், வெங்காயத் தோலை ஊதித் தள்ளிவிட்டு, திருகாணியைக் கழற்றினேன். போர்டில் சிப்புகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அசலேதான். ஈரம் இல்லாமல் துடைத்து, ஹேர் டிரையரால் காயவைத்து, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு மிஷினில் சொருகினேன். இரண்டு தடவை கோடு கோடாக வந்தது. மூன்றாவது தடவை கூட்டத்தின் ஆரவாரம் கேட்டது. பட்டனில் கை வைத்தேன். நாற்பதைத் தாண்டின விரல்கள், முன்பு ஓடின ஓட்டம் இல்லை. கீழே போய்ச் சீப்பை எடுத்து வந்தேன். என்ன சத்தம் என்று வீட்டுக்காரர் படுத்தபடியே கேட்டார். ஓடுகிறேன் என்றேன். எங்கே ஓடினாலும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடு என்றார்.

ஆட்டம் முடிந்ததும் கேசட்டை முன்னும் பின்னுமாகப் படம் எடுத்துப் பெங்களூர்க்காரருக்கு அனுப்பினேன். மறைக்க ஒன்றும் மிச்சமில்லையே. உடனே பதில் வந்தது. லேபிள் இல்லை, பேர் வேறு வெட்டியிருக்கிறது, இனி இதற்கு மதிப்பு என்று எதுவும் கிடையாது, உள்ளே இருக்கிற போர்டுக்கு வேண்டுமானால் ஏதாவது தரலாம் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். வேறொருவர் கேசட்டாக இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் இருப்புக்கொள்ளவில்லை. அலமாரியில் முதல் தட்டில் வைத்துப் பார்த்தேன். கடைசித் தட்டில் வைத்தேன். பின்பக்கம் தெரியாமல் சுவரோடு ஒட்டி வைத்தேன். வெளியில் தெரியாவிட்டாலும் அங்கே அந்தப் பேர் இருப்பது எனக்குத் தெரிந்தது. அடுப்படியில் என் பேர் வெட்டின குடம் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. சனிக்கிழமை காலையில் மறுபடி பெரம்பலூர் பஸ் ஏறினேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்திருக்கிறாய் என்றார் வீட்டுக்காரர்.

அந்தப் பாத்திரக்கடை இன்னும் இருக்கிறது. கண்ணாடிக் கதவு, ஏ.சி. என்று மாறிவிட்டது. பேர் வெட்டுகிற மேசை மட்டும் வாசலோரத்தில் அப்படியே. அதில் ஒரு பெண் உட்கார்ந்து எவர்சில்வர் குத்துவிளக்கு ஒன்றுக்குப் பேர் வெட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். முறைக்கு ஒரு டம்ளரை வாங்கிக்கொண்டு அவளிடம் போனேன். டம்ளரை நீட்டாமல் கேசட்டை நீட்டினேன். அவள் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். இது என்ன என்று கேட்கவில்லை. பிளாஸ்டிக் என்றால் உருகும், மெதுவாகத்தான் போட வேண்டும், நேரமாகும் என்று சொல்லி ஸ்டூலைக் காட்டினாள். பின்னால் ஏற்கெனவே ஒரு பேர் இருக்கிறதே, அதைக் கோடு போட்டு அடித்துவிடட்டுமா என்று கேட்டாள்.

அடிக்கச் சொல்லத்தான் வந்திருந்தேன். வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் அவள் கையில் கேசட்டின் முன்பக்கம் வெறுமையாக, வழவழவென்று வெளிச்சத்தில் மின்னியது. லேபிள் இருந்திருந்தால் சத்தியமாக இந்த யோசனை எனக்கு வந்திருக்காது. கம்பி நார் பிடித்து அத்தை கை வலிக்க வலிக்கத் துடைத்துவைத்த இடம். பின்பக்கம் இருக்கிறது இருக்கட்டும், முன்பக்கத்தில் நடுவில் போடு என்றேன். பேரைச் சொன்னேன்.

"இனிஷியல் யாருதுக்கா? அப்பாதா, வூட்டுக்காரருதா?"

"பேரு மட்டும் போதும்."

மிஷின் 'ங்ங்ங்' என்று இரைந்தது. பிளாஸ்டிக் கருகுகிற வாசம் வந்தது. ஒரு சேகரிப்பாளர் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் எழுத்து பாதியில் இருக்கும்போது அவள் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"காலாட்டாதீங்கக்கா. மேசை ஆடுது, எழுத்து கோணுது."

குனிந்து பார்த்தேன். என் முழங்கால் மேசைக் காலோடு ஒட்டிக்கொண்டு அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து நின்றுகொண்டேன். மற்ற எழுத்துகளை அவள் நேராகப் போட்டு, ஊதித் துடைத்துக் கொடுத்தாள். கோணலான அந்த முதல் எழுத்தைச் சரிசெய்து தருவதாகவும் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது என் கால் போட்ட எழுத்து.